பாரிஸ் ராணியும் பாரிஸ் சென்ட்டும்

சென்னீர்குப்பம்
18 பிப்ரவரி 1972

அக்காவுக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கிற மனசு எனக்கு இப்போது இல்லை. அவ்வளவு கோபம். நான் என்ன எழுதினேன், நீ என்ன அனுப்பியிருக்கிறாய்? வைகாசியில் எனக்குக் கல்யாணம், நீ வந்து பக்கத்தில் நிற்க வேண்டும் என்று நாலு பக்கம் எழுதினேன். நீ தீபாவளிக்குப் போட்ட கார்டை நைனா கிழித்துப் போட்டார். அந்தத் துண்டுகளைப் பொறுக்கிச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டி, விலாசம் கண்டுபிடித்து எழுதினேன். அதற்குப் பதில் ஒரு சென்ட் பாட்டிலா? கூடவே ஒரு சீட்டு, ‘பேபிக்கு அக்கா சீர்’ என்று. நீ வருவாயா மாட்டாயா என்று ஒரு வார்த்தை இல்லை. நல்லாயிருக்கிறது போ!

உன் வீட்டுக்காரரோடு கப்பலில் இருக்கிறவராம், கம்பெனி வாசலுக்கே வந்து பொட்டலத்தைக் கொடுத்தார். எங்கள் கம்பெனிப் பெண்களைக் கேட்க வேண்டுமா? “இன்னா பேபி, மாப்ள ஆவடியில கீறார்ன்னே, பம்பாய்லேந்து எவன்டி அனுப்பிச்சான்?” என்று ஒரே ரகளை. கம்பெனி என்றால் பெரிதாக நினைத்துவிடாதே. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஷெட்டு, எட்டுப் பெண்கள், ஒரு முதலாளி. போன கடிதத்தில் எழுதினேனே, எங்கள் முதலாளி ஜெயராமன் மூர் மார்க்கெட்டில் ஒரு காலி ஃபாரின் பாட்டிலை வாங்கி, அதை மோந்து மோந்து பார்த்தே ‘பாரிஸ் ராணி’ என்று ஒன்று செய்து விற்கிறார் என்று. நீ அனுப்பியிருப்பது அதே பாட்டில். காலி இல்லை, நிறைந்து இருக்கிறது. அசல்.

கோபத்திலும் சும்மா இருக்க முடியவில்லை. இடது கையில் உன் பாரிஸ் சென்ட், வலது கையில் எங்கள் பாரிஸ் ராணி என்று தடவிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன். ராணி பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டிலேயே ஊரைக் கூட்டிவிட்டாள். “இன்னாம்மா, கல்யாண ஊட்லேந்து நேரா வர்றியா?” என்று கண்டக்டர் கேட்டார். உன்னுடையது வாயே திறக்கவில்லை. அக்கா நன்றாக ஏமாந்திருக்கிறாள் என்று நினைத்தேன். சாப்பாட்டு மணி அடித்தபோது ராணியைக் காணோம், கொஞ்சம் ஸ்பிரிட் நாற்றம்தான் மிச்சம். இடது கையை மோந்தேன். அப்போதுதான் பூத்த மாதிரி இருந்தது. அதுவும் ஒரு பூ இல்லை அக்கா. மேலே மல்லி, அதற்கடியில் ரோஜா, இன்னும் அடியில் எனக்குப் பேர் தெரியாத ஒன்று. சாயங்காலம் சாம்பல் போட்டுப் பாத்திரம் தேய்த்தேன், அதற்கும் அசையவில்லை. மறுநாள் காலையில் பாயில் இருந்தது.

முதலாளிக்கு ஒரு சொட்டு காகிதத்தில் வைத்துக் கொடுத்தேன். பாவம், கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “நாம மேல் மாடி மட்டும் கட்டிகினு இருந்தோம்மா. கீழ ஊடே இல்ல” என்றார்.

இருந்தாலும் நான் ராணி கட்சிதான். அவளை எந்தப் பெண்ணும் முந்தானையில் முடிந்த காசில் வாங்கலாம், எவளுக்கும் பயப்படாமல் பூசலாம். உன் பாட்டிலைப் பார்த்தால் எனக்குத் தொடவே பயமாக இருக்கிறது. எனக்கு அது வேண்டாம், நீ வா. பதிலைக் கம்பெனி விலாசத்துக்கே போடு.

பேபி


பம்பாய், சயான்
6 மார்ச் 1972

என் கண்ணு பேபிக்கு,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். திட்டு வாங்கியும் சிரித்துக்கொண்டே இருந்தேன். நீ பேசுவது அப்படியே காதில் கேட்டது.

நீ நகல் செய்கிற சென்ட்டின் அசலை நீ ஒருநாளாவது பார்க்க வேண்டும் என்றுதான் அவரிடம் சொல்லி வாங்கச் சொன்னேன். கப்பல் எந்தெந்த ஊரிலோ நிற்கிறது. சமையற்கட்டில் வெந்து சம்பாதித்த காசில் வாங்கி வந்தார். அதைப் பாட்டிலா என்று கேட்டுவிட்டாய். போகட்டும்.

நான் வரமாட்டேன் பேபி. கோபித்துக்கொள்ளாதே. நான் லாரன்ஸோடு கிளம்பிய மறுநாள் நைனா என்ன செய்தார் என்று உனக்கு நினைவிருக்கும், அப்போது உனக்குப் பதினாலு வயசு. செத்தவர்களுக்குச் செய்வதுபோல் குழாயடியில் நின்று எனக்காகத் தலைமுழுகினார். உயிரோடு இருக்கிற பெண்ணுக்கு! குப்பம்மா அத்தை ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள். அன்றைக்கு இங்கே நான் சோறு தின்னவில்லை. இப்போது மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் பந்தலில் இருக்கும்போது நான் வந்து நின்று, அவர் என்னைப் பார்த்து “யாரு நீ?” என்று கேட்டுவிட்டால்? எனக்கு வருகிற அவமானத்தை நான் தாங்கிக்கொள்வேன். உன் கல்யாணத்தில் சண்டை வரக்கூடாது. பாட்டிலை யாரும் வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்க மாட்டார்கள். அதனால்தான் அதை அனுப்பினேன்.

கேள், அதை ராணி மாதிரி அப்பிக்கொள்ளாதே. காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு, கழுத்துக் குழியில் ஒரு சொட்டு, போதும். புடவையில் படவிடாதே, கறை விழும். வெயில் படுகிற இடத்தில் வைக்காதே. தாலி கட்டுகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் பூசினால், நீ மாமியார் வீட்டில் விளக்கேற்றும்போது சரியாக இருக்கும்.

உன் பாரிஸ் ராணி எனக்கு ஒன்று அனுப்பு. நிஜமாகத்தான் கேட்கிறேன். உன் கை தொட்டு மூடி போட்ட பாட்டில் அல்லவா?

நைனாவுக்கு இருமல் எப்படி இருக்கிறது? இரும்புப் பட்டறையில் இன்னும் ராத்திரி வாட்ச்மேன் வேலைதானா? நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம். நீயாகப் பார்த்து எழுது.

நாகவல்லி


அம்பத்தூர்
10 ஏப்ரல் 1972

அக்கா,

கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருக்கும். ராணி ஒரு பாட்டில் தனியாகப் பார்சல் போட்டிருக்கிறேன். மூடியை நான்தான் அரக்கு வைத்து அடைத்தேன்.

நைனாவுக்கு இருமல் அப்படியேதான் இருக்கிறது. பீடியை விட்டால்தானே. பகல் ஷிப்டு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள்.

நீ கேட்டால் தலையில் அடித்துக்கொள்ளப்போகிற ஒரு வேலை செய்துவிட்டேன். உன் பாட்டிலை அந்த ஒரு ராத்திரி தவிர இத்தனை நாளும் கம்பெனி அலமாரியில்தான் வைத்திருந்தேன். கல்யாணத்துக்கு வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமே. அந்தப் பாட்டிலைப் பார்த்தால் நைனா, “ஏது இது?” என்று கேட்பார். நான் பொய் சொன்னால் என் மூக்கு சிவந்துவிடும் என்று உனக்குத்தான் தெரியுமே. அதனால் உன் சென்ட்டை ஒரு சொட்டு சிந்தாமல் பாரிஸ் ராணி பாட்டிலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டேன். கம்பெனி சரக்கு என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

காலி ஃபாரின் பாட்டில் என் மேஜைமேல் இருந்தது. என்ன தோன்றியதோ, அதில் ராணியை ஊற்றி வைத்தேன், முதலாளியைக் கிண்டல் செய்யலாமென்று. அதற்குள் மாப்பிள்ளையின் அக்கா வரலட்சுமி என்னைப் பார்க்கக் கம்பெனிக்கே வந்துவிட்டாள். வந்தவள் கண்ணில் வேறெதுவும் படவில்லை, அந்தப் பாட்டில்தான் பட்டது. “அய்ய, ஃபாரினா? எனக்கா?” என்று அவளே எடுத்துக்கொண்டாள். நான் என்ன சொல்வது? தலையாட்டினேன். கையில் பூசி மோந்துவிட்டு, “ஃபாரின்னா ஃபாரின்தான் பேபி, நம்ப ஊர் சரக்கு கிட்ட நிக்குமா?” என்றாள். பின்னால் மற்றப் பெண்கள் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். முதலாளிக்கு மட்டும் அன்று முழுக்க வாயெல்லாம் பல்.

பார்த்தாயா, பாட்டிலைப் பார்த்துத்தான் ஜனங்களுக்கு மூக்கே வேலை செய்கிறது.

நீ இன்னும் வரமாட்டேன் என்றுதான் சொல்வாயா? மாப்பிள்ளை பரந்தாமனிடம் உன் விஷயம் எல்லாம் சொல்லிவிட்டேன். ஆவடி டாங்கி ஃபேக்டரியில் வேலை, நாலு ஊர் ஆளோடு பழகினவர். “உங்க அக்கா வந்தா நான் எயுந்து நின்னு கும்புடுவேன்” என்றார். அப்படிப்பட்ட மனுஷனை நீ ஏமாற்றாதே.

பேபி


பம்பாய், சயான்
27 ஏப்ரல் 1972

பேபி,

அடி பாவி! பாட்டில் மாற்றினாயா! அவர் இரண்டு நாளாக அதை நினைத்து நினைத்துச் சிரிக்கிறார். எனக்கு வயிற்றெரிச்சல்தான். அந்த மூடியைத் திறந்து பார்க்கக்கூட மனசு வராமல் மூன்று வாரம் வீட்டில் வைத்திருந்தேன். நீ புனல் வைத்து ஊற்றியிருக்கிறாய்.

ராணி வந்து சேர்ந்தாள். நீ சொன்னது சரிதான், கதவைத் தட்டாமல் உள்ளே வருகிற ரகம். பூசியவுடன் பக்கத்து அறைக் குஜராத்தி அம்மா எட்டிப் பார்த்து விசேஷமா என்று கேட்டாள். அரை மணி நேரம் நான் மகாராணி மாதிரி இருந்தேன். குறை சொல்ல மாட்டேன் பேபி. அசல் சென்ட்டைப் பூசினால் நாம் அதற்குத் தகுந்தபடி நடக்க வேண்டியிருக்கிறது. ராணியைப் பூசிக்கொண்டு சண்டை போடலாம், மீன் கழுவலாம். ஆனால் அவளை நம்பி எங்கேயும் கிளம்ப முடியாது, பாதி வழியில் இறங்கிக்கொள்வாள்.

அதிக நேரம் பூச முடியவில்லை, குமட்டிவிட்டது. ஏனென்று இப்போது உனக்கு மட்டும் சொல்கிறேன். எனக்கு நாலாம் மாசம். ஆறு வருஷம் கழித்து. இங்கே ஆஸ்பத்திரியில் பார்த்துச் சொல்லிவிட்டார்கள், எல்லாம் நன்றாக இருக்கிறது.

சந்தோஷத்தில் குதித்துக்கொண்டு நைனாவிடம் ஓடாதே. உன் கல்யாணத்தின்மேல் ஆணை. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போக எனக்கு ஆசை இல்லையென்று நினைக்கிறாயா? இங்கே ஒவ்வொருத்தியும் பெட்டி கட்டிக்கொண்டு ஊருக்குப் போகும்போது நான் மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். அம்மா இல்லாவிட்டாலும் அத்தை இருக்கிறாள், நீ இருக்கிறாய். ஆனால் வயிற்றைக் காட்டிப் பிச்சை கேட்க மாட்டேன். பேரப்பிள்ளைக்காக என்னைச் சேர்த்துக்கொண்டார் என்றால், நான் அந்த வீட்டில் பிள்ளை தூக்கி வந்த கூலிக்காரி. எனக்காகக் கூப்பிட்டால் வருவேன். நாகு வேண்டும் என்று அவருக்குத் தோன்ற வேண்டும். இல்லாவிட்டால் வேண்டாம், இங்கேயே பெற்றுக்கொள்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது, அவர் ஆவணி பிறந்தால் மறுபடி கப்பலேற வேண்டும். ஆனாலும் அப்படித்தான்.

நன்றாக இரு. பரந்தாமனிடம் நான் கும்பிட்டதாகச் சொல்.

நாகவல்லி


ஆவடி
2 ஜூன் 1972

அக்கா,

விலாசத்தைப் பார்த்தாயா? உன் தங்கை ஆவடிக்காரி ஆகிவிட்டாள். கல்யாணம் நடந்தது. எப்படி நடந்தது என்பதைக் கேள்.

மாங்காடு அம்மன் கோயிலில் தாலி கட்டு. வீட்டு வாசலில் பந்தல் போட்டுச் சாப்பாடு. நாங்கள் விடியற்காலையே கோயிலுக்குக் கிளம்பிவிட்டோம். அவசரத்தில் நான் உன் சென்ட்டைப் பூச மறந்தேன். திரும்பி வந்து பூசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அத்தை மட்டும் பந்தலில் வேலை பார்க்க வீட்டில் இருந்தாள். சந்தனம் கரைத்து, கற்கண்டு தட்டு வைத்து, வருகிறவர்கள்மேல் தெளிக்கப் பன்னீர்ச் செம்பை எடுத்தால் பன்னீர் பாட்டிலைக் காணோம். யாரோ பிள்ளைகள் எடுத்து ஒருத்தர் மேல் ஒருத்தர் ஊற்றி விளையாடிக் காலி செய்துவிட்டார்கள். அத்தை என்ன செய்தாள் தெரியுமா? என் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். பாரிஸ் ராணி ஒன்று இருந்தது. கம்பெனி சரக்குதானே, பேபி இன்னொன்று கொண்டு வந்துக்குவாள் என்று முழுப் பாட்டிலையும் செம்பில் கவிழ்த்து, ஒரு சொம்பு தண்ணீர் விட்டுவிட்டாள்!

தண்ணீர் பட்டதும் பால் மாதிரி வெளுத்ததாம். “நல்ல சரக்குடி, பால் கணக்கா பொங்கிச்சி” என்று அப்புறம் என்னிடமே பெருமையாகச் சொன்னாள். ராணியாக இருந்தால் வெளுத்திருக்க மாட்டாள். அவள் ஏற்கெனவே பாதி தண்ணீர்.

தாலி கட்டு முடிந்ததும் எங்களுக்கு முன்னாலேயே திரும்பிவந்த நைனா கையில் அந்தச் செம்பைக் கொடுத்து வாசலில் நிறுத்தியிருக்கிறாள். நாங்கள் கோயிலிலிருந்து வந்து பந்தலுக்குள் கால் வைத்தோம். நைனா என்மேலும் அவர்மேலும் தெளித்தார். என் கன்னத்தில் ஒரு சொட்டு விழுந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சுற்றிப் பார்க்கிறேன், பந்தல் முழுக்க நீதான் அக்கா! மேள செட்டுக்காரர்மேல், பாத்திரம் தேய்க்க வந்த வேம்புலிமேல், பரந்தாமனின் ஃபோர்மேன்மேல், மாட்டுமேல்கூட. தெளித்துக்கொண்டு போனவர்கள் திரும்ப வந்து தலையை நீட்டுகிறார்கள். “எங்க வாங்கினபா பன்னீரு?” என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் நைனா, “எம் பொண்ணு கம்பெனி சரக்கு” என்று மீசையைத் தடவுகிறார். வரலட்சுமி அண்ணி மட்டும் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, “இந்த லோக்கல் பன்னீரு என் ஃபாரின் வாசனையக் கெடுத்துடும் போலகீதே” என்றாள். நீயே சொல், நான் அழுவதா சிரிப்பதா?

நான் அழுதேன். கோவென்று அழுதேன். கல்யாணப் பெண் அழுகிறாள் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். அத்தை வந்து, “இன்னாத்துக்கு அயுவற? ஆவடி இன்னா சீமையிலயா கீது?” என்றாள். எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. “அது கம்பெனி சரக்கு இல்ல அத்த. அக்கா அனுப்பிச்சது. அக்கா எனக்கு வச்ச சீரு. அதத்தான் நைனா எல்லார் மேலயும் தெளிச்சிகினு கீறாரு” என்று கத்திவிட்டேன்.

நைனா அப்படியே நின்றார். கை நீட்டிய இடத்திலேயே நின்றது. மேளம் வேறு நின்றுவிட்டது. அத்தைக்கு முகம் செத்துப்போனது. “அய்யய்யோ, தலமுழுகின பொண்ணு சீராச்சே! துலுக்கானம், செம்பைக் கீழ வை. போய்க் குளிச்சிட்டு வா” என்றாள் நைனாவிடம்.

நைனா செம்பைப் பார்த்தார். பந்தலைப் பார்த்தார். “வந்தவங்கள்ல எவனாச்சும் குளிச்சானா?” என்று கேட்டார்.

“அவங்களுக்கு இன்னா தெரியும்?”

“அவன் எவனும் குளிக்கல இல்ல? அப்ப நான் மட்டும் இன்னாத்துக்குக் குளிக்கணும்?”

அவ்வளவுதான் சொன்னார். அடுத்து வந்த ஆள்மேல் தெளித்தார். கடைசி ஆள் வரைக்கும் தெளித்துவிட்டு, அடியில் மிச்சமிருந்ததைத் தன் சட்டையில் உதறிக்கொண்டார். அத்தை இன்று ஆள் அனுப்பியிருந்தாள். கல்யாணச் சட்டையை வெளுக்கப் போட விடவில்லையாம். கயிற்றில் மாட்டி வைத்திருக்கிறாராம். வாசனை இன்னும் அப்படியே இருக்கிறதாம்.

நான் ராணி கட்சி என்று எழுதினேனே, வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அவளாக இருந்தால் பந்தி முடிவதற்குள் ஆளைக் காணோம். நீ அனுப்பியது நிற்கிறது.

என் கல்யாணத்தின்மேல் ஆணை என்றாயே, அதைக் காப்பாற்றியிருக்கிறேன். வயிற்றைப் பற்றி மூச்சு விடவில்லை.

பேபி


பம்பாய், சயான்
14 ஜூன் 1972

பேபி,

என் சீர் உனக்கு ஒரு சொட்டுக்கூட மிஞ்சவில்லை என்று முதலில் வருத்தமாக இருந்தது. கன்னத்தில் விழுந்த ஒரு சொட்டுதானா உனக்கு? அப்புறம் மாடு வரைக்கும் போனதை நினைத்துச் சிரித்தேன். பிறகு அழுதேன். அவர் கப்பல் பழுது பார்க்க நிற்பதால் வீட்டில் இருக்கிறார், தட்டில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். நைனா என் பேரைச் சொன்னாரா? “நாகுவை வரச் சொல்” என்றாரா? நீ எழுதியதில் அது இல்லை. இருந்திருந்தால் முதல் வரியிலேயே எழுதியிருப்பாய். சட்டையைக் கயிற்றில் மாட்டியிருப்பது அவருக்கும் சட்டைக்கும் உள்ள விஷயம். அதை நம்பி நான் ரயிலேற முடியாது. நீ எனக்கு ஆசை காட்டாதே. ஆசை வந்தால் ராத்திரி தூக்கம் வருவதில்லை, இந்த நேரத்தில் நான் தூங்க வேண்டும்.

உன் குடித்தனம் எப்படி இருக்கிறது? கம்பெனி வேலைக்குத் தொடர்ந்து போகிறாயா? விடாதே.

நாகவல்லி


ஆவடி
29 ஜூலை 1972

அக்கா,

உன் கடிதம் வந்து இத்தனை நாள் பதில் போடவில்லை. ஆசை காட்டாதே என்று எழுதிவிட்டாய், வேறு எதை எழுதுவது? இன்றைக்கு எழுத விஷயம் இருக்கிறது. ஆசை காட்டவில்லை, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

நேற்று நைனா சைக்கிளில் வந்தார். ஹாண்டில்பாரில் ஒரு கட்டு முருங்கைக்காய். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. வீட்டைச் சுற்றிப் பார்த்தார், பரந்தாமனிடம் டாங்கி எத்தனை டன் என்று கேட்டார். என்னவோ கேட்க வந்து கேட்காமல் இருக்கிறார் என்று தெரிந்தது. பரந்தாமன் வேலைக்குக் கிளம்பிய பிறகு நைனா மெல்ல ஆரம்பித்தார்.

“அந்த பம்பாய் அட்ரஸ் கீதா உங்கையில?”

“இன்னாத்துக்கு நைனா?”

“சும்மா கேட்டேன். அந்த ஆளு கப்பல்ல இன்னா வேலை?”

“சமையல்.”

“ஆம்பள சோறு ஆக்குவானா?”

“ரொம்ப நல்லா ஆக்குவாராம்.”

“அப்ப அவ பசியா கெடக்கல” என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார் அக்கா. ஆறு வருஷமாக இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். உன் வயிற்று விஷயம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கடித்துக்கொண்டேன். நிஜமாகவே கடித்துக்கொண்டேன், ரத்தம் வந்தது.

“நீங்க கூப்பிட்டு எழுதச் சொன்னா நான் எழுதறேன் நைனா” என்றேன். “கடுதாசி போட்டா வர மாட்டா. எம் பொண்ணு, எனக்குத் தெரியாது?” என்றார். விலாசத்தைத் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதி வாங்கிக்கொண்டார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பட்டறையில் லீவு சொல்லியிருக்கிறாராம், எதற்கென்று கேட்டேன், சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

எம் பொண்ணு என்றார் அக்கா. அவர் வாயால். இதை முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்.

பேபி


சென்னீர்குப்பம்
12 ஆகஸ்டு 1972

என் கண்ணு பேபிக்கு,

மேலே விலாசத்தை ஒரு தரம் எழுதி, சரிதானா என்று நானே படித்துப் பார்த்துக்கொண்டேன்.

உன் கடிதம் வருவதற்கு முதல் நாளே நைனா வந்துவிட்டார். நான் மாடி வராந்தாவில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். படிக்கட்டில் இருமல் சத்தம். அந்த இருமலை எனக்குத் தெரியாதா? திரும்பினேன். கையில் மஞ்சள் பையும் நீ எழுதிக் கொடுத்த சீட்டும் வைத்துக்கொண்டு நின்றார். ஸ்டேஷனிலிருந்து வழி கேட்டுக் கேட்டு நடந்தே வந்திருக்கிறார். முதலில் என் முகத்தைத்தான் பார்த்தார். அப்புறம்தான் வயிறு கண்ணில் பட்டது. அதிர்ந்துபோய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“இத்த ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா இதுக்காக வந்தீங்கன்னு ஆயிடும் நைனா.”

“எனக்கு இது தெரியாதே, நாகு. உன்னத்தான் பார்க்க வந்தேன்.”

அதற்குமேல் எனக்கு ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவர் தோளில் சாய்ந்து அழுதேன், குஜராத்தி அம்மாவும் சேர்ந்து அழுதாள், அவளுக்கு ஒரு எழுத்து தமிழ் தெரியாது.

பையிலிருந்து ஒரு பாட்டில் எடுத்தார். பாரிஸ் ராணி. பூந்தமல்லியில் கடையில் வாங்கினாராம். “நீ அனுப்பிச்சத மொத்தத்தையும் தண்ணியில ஊத்திட்டோம். அதுக்கு பதிலு” என்று நீட்டினார். இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் பேபி. நீயும் திருத்தாதே. அவர் முன்னாலேயே மூடியைத் திறந்து கழுத்தில் பூசிக்கொண்டேன். குமட்டிக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தேன்.

உன் லாரன்ஸ் மாமா மீன் குழம்பு வைத்திருந்தார். நைனா முதலில் வேண்டாம் என்றார், பிறகு மூன்று முறை போட்டுக்கொண்டார். கை கழுவும்போது, “ஆம்பளதான், ஆனா நல்லா ஆக்குறான்” என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார். அவரிடம் நேராக ஒரே வார்த்தைதான் பேசினார்: “கூட்டிகினு போறேன். கப்பல் வந்தவுடனே வந்து சேரு.” உன் மாமா காலைத் தொட்டுக் கும்பிட்டார். நைனா காலை இழுத்துக்கொள்ளவில்லை.

ரயிலில் ஜன்னலோரம் எனக்கு. வருகிறவன் போகிறவனிடமெல்லாம், “பெரிய பொண்ணு, தலப்பிரசவம்” என்று சொல்லிக்கொண்டே வந்தார். நேற்று மத்தியானம் பஸ்ஸை விட்டு இறங்கினோம். வயல் பக்கமாகப் பின்வழியில் போனால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று அந்தப் பக்கம் திரும்பினேன். அவர் என் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நேராகப் பெரிய தெருவில் நடந்தார். ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள். குழாயடியில் பெண்கள் குடத்தை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். எனக்கு நிமிர முடியவில்லை. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு பின்னாலேயே நடந்தேன்.

நடுத்தெருவில் நின்றார். திரும்பினார். பட்டறை வாட்ச்மேன் குரல் தெரியுமே உனக்கு, அந்தக் குரலில், தெருக்கோடி வரைக்கும் கேட்கும்படி சொன்னார்:

“நாகவல்லி! பாத்து வாம்மா, பள்ளம் கீது. அவசரமில்ல, மெள்ள வா. நம்ப ஊடுதான்.”

நாகவல்லி